எல்லை தாண்டும் படிப்பு, தாண்டாத கண்காணிப்பு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல்கலைக்கழகம் ஒரு நாட்டில், அதன் வகுப்பறை இன்னொரு நாட்டில், படிக்க வந்தவர் மூன்றாவது நாட்டுக்காரர், அவர் வேலை தேடப் போவது நான்காவது நாட்டில். அந்தப் பட்டம் உருப்படியானதுதானா என்று பார்க்க வேண்டியது இவர்களில் யார்? கீழே உள்ள கேள்விகள் எல்லாம் சுற்றிச் சுற்றி இந்த இடத்துக்குத்தான் வந்து சேரும்.

எல்லை தாண்டிய கல்வி என்றால் வெளிநாடு போய்ப் படிப்பதுதானே?

அதுவும் உண்டு, ஆனால் அது பாதிதான். அப்படி விமானம் ஏறிப் போய்ப் படிப்பவர்கள் இன்று உலகம் முழுக்க 60 லட்சத்துக்கும் மேல். மறு பாதியில் மாணவர் இருந்த இடத்திலேயே இருக்கிறார், படிப்பு அவரைத் தேடி வருகிறது. பல்கலைக்கழகமே கிளை வளாகம் திறக்கலாம். உள்ளூர்க் கல்லூரி ஒன்றுக்குத் தன் பாடத்திட்டத்தையும் பெயரையும் கொடுத்து ஃபிரான்சைஸ் முறையில் நடத்தச் சொல்லலாம். பாதிப் படிப்பு இங்கே, மீதி அங்கே என்று ட்வின்னிங் போடலாம். இரண்டு நிறுவனங்கள் சேர்ந்து ஒரே கூட்டுப் பட்டமோ, ஆளுக்கொன்றாக இரட்டைப் பட்டமோ தரலாம். இது எதுவுமே வேண்டாம் என்று முழுக்க ஆன்லைனிலும் முடித்துவிடலாம்.

1995-ல் நடைமுறைக்கு வந்த உலக வர்த்தக அமைப்பின் சேவை வணிக ஒப்பந்தம் (காட்ஸ்) சேவைகளை நான்கு வழிகளாகப் பிரிக்கிறது: சேவை மட்டும் எல்லை தாண்டுவது, வாங்குபவர் தாண்டுவது, நிறுவனம் போய்க் கடை விரிப்பது, ஆள் போய் வேலை செய்வது. கல்விக்கு இது அச்சுப் பிசகாமல் பொருந்துகிறது. பொருந்துகிறதே என்றுதான் பலருக்குக் கோபமும் வந்தது, படிப்பைப் போய் வணிகப் பட்டியலில் வைப்பதா என்று. அந்தச் சண்டை இன்னும் ஓயவில்லை.

அந்தந்த நாடு தன் எல்லைக்குள் பார்த்துக்கொண்டால் போதாதா?

அப்படிப் பார்த்துக்கொண்டிருந்ததில்தான் ஓட்டையே விழுந்தது. வகுப்பு நடப்பது அந்த நாட்டில், அவர்கள் கவனித்துக்கொள்வார்கள் என்று பட்டம் தரும் நாட்டின் அதிகாரி நினைப்பார். பட்டம் தருவது அவ்வளவு பெரிய பல்கலைக்கழகம், சொந்த ஊரில் சோதிக்காமலா விட்டிருப்பார்கள் என்று வகுப்பு நடக்கும் நாட்டின் அதிகாரி நினைப்பார். இருவரும் ஒருவரை ஒருவர் கை காட்ட, நடுவில் மாட்டிக்கொள்வது மாணவர்.

தாய் வளாகத்தில் இருக்கும் நூலகமும் ஆய்வகமும் கிளையில் இருக்க வேண்டும் என்று இல்லை. பாடம் நடத்துபவர் இரண்டு வாரம் பறந்து வந்து மொத்தப் பாடத்தையும் கொட்டிவிட்டுப் போய்விடலாம். ஒரே தேர்வுத்தாளை இரண்டு இடங்களில் இரண்டு விதமாகத் திருத்தலாம். இதையெல்லாம் தூரத்தில் உட்கார்ந்து கோப்பைப் புரட்டிக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடித்த ஒரு நாடு அதை மற்ற நாட்டுக்குச் சொல்ல வழியும் வேண்டும். நாடுகளுக்கிடையே ஒத்துழைப்பு என்று பெரிய வார்த்தையில் சொல்வதன் அன்றாட வடிவம் இதுதான்: தகவல் பகிர்வது, சேர்ந்து போய்ப் பார்ப்பது, ஒருவர் பார்த்ததை இன்னொருவர் நம்புவது. மூன்றாவதுதான் கஷ்டம்.

'யுனெஸ்கோ அங்கீகாரம் பெற்ற பல்கலைக்கழகம்' என்று விளம்பரம் வருகிறதே?

மூடி வைத்துவிட்டு நகருங்கள். யுனெஸ்கோ எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் அங்கீகாரம் தருவதில்லை, தரும் அதிகாரமும் அதற்கு இல்லை. அப்படி விளம்பரம் செய்கிறவர்கள் விவரம் தெரியாமல் செய்கிறார்கள் என்று நம்பும் அளவுக்கு நான் நல்லவன் இல்லை.

உலகம் முழுமைக்குமான ஆய்வாளர் என்று யாருமே கிடையாது. இருப்பவை நாட்டு அளவிலான தர அமைப்புகள், அப்புறம் அந்த அமைப்புகள் கூடிப் பேசும் வலையமைப்புகள். உலக அளவில் 1991-ல் ஹாங்காங்கில் தொடங்கிய இன்கா, ஐரோப்பாவில் 2000-ல் வந்த என்கா, ஆசிய பசிபிக் பகுதியில் 2003-ல் வந்த ஏபிக்யூஎன் எல்லாம் அந்த ரகம். இவை கல்லூரிகளுக்குப் போய் முத்திரை குத்துபவை அல்ல, முத்திரை குத்துகிறவர்கள் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொள்ளும் இடங்கள்.

சரி, 'அங்கீகாரம் உண்டு' என்று சொன்னால் எதை நம்புவது?

நம் மொழியிலேயே இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மூன்று வெவ்வேறு விஷயங்களுக்கு நாம் 'அங்கீகாரம்' என்ற ஒரே சொல்லைப் பயன்படுத்துகிறோம், விளம்பரக்காரர்கள் அந்த மசமசப்பில் நன்றாகக் குளிர்காய்கிறார்கள்.

முதலாவது அனுமதி. இந்தக் கட்டடத்தில் கல்லூரி நடத்திக்கொள்ளலாம் என்று அந்த நாட்டு அரசு தரும் உரிமம். சில இடங்களில் இது வெறும் வணிகப் பதிவு அளவிலேயே நின்றுவிடும். இரண்டாவது தரச்சான்று, அதாவது பாடம், ஆசிரியர், தேர்வு முறை எல்லாவற்றையும் வெளியிலிருந்து வல்லுநர்கள் வந்து பார்த்துத் தருவது. இதிலும் நிறுவனத்துக்கு மொத்தமாகத் தருவது வேறு, ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாகத் தருவது வேறு. மூன்றாவது தகுதி ஏற்பு. நீங்கள் வாங்கிய பட்டத்தை வேறொரு நாடு மேற்படிப்புக்கோ வேலைக்கோ செல்லும் என்று ஒப்புக்கொள்வது. முதலாவது இருந்து இரண்டாவது இல்லாமல் போகலாம், இரண்டும் இருந்து மூன்றாவது கிடைக்காமலும் போகலாம். 'அங்கீகாரம் இருக்கா?' என்று கேட்டால் 'இருக்கு' என்பார்கள், அவர்கள் சொன்னது பொய்யாகவும் இருக்காது. எது, யார் தந்தது, எந்தப் படிப்புக்கு, எந்த வளாகத்துக்கு என்று நான்காகப் பிரித்துக் கேளுங்கள்.

2005 வழிகாட்டுதல்கள் என்று அடிக்கடி சொல்கிறார்களே, அவை என்ன?

யுனெஸ்கோவும், பெரும்பாலும் வளர்ந்த நாடுகள் சேர்ந்த பொருளாதாரக் கூட்டமைப்பான ஓஇசிடியும் சேர்ந்து 2005-ல் வெளியிட்ட, எல்லை தாண்டிய உயர்கல்வியின் தரத்துக்கான வழிகாட்டுதல்கள். அதற்கு முன்பே 2001-ல் யுனெஸ்கோவும் ஐரோப்பியப் பேரவையும் சேர்ந்து ஒரு நன்னடத்தை விதித்தொகுப்பைக் கொண்டுவந்திருந்தன. 2005 ஆவணம் ஆறு தரப்பிடம் பேசுகிறது: அரசுகள், கல்வி நிறுவனங்கள், மாணவர் அமைப்புகள், தர அமைப்புகள், தகுதி ஏற்பு அமைப்புகள், தொழில்முறை மன்றங்கள். வெளிநாட்டில் நடத்தும் படிப்பு சொந்த நாட்டில் நடத்துவதற்கு இணையான தரத்தில் இருக்கட்டும், விவரங்களை வெளிப்படையாகப் போடுங்கள், உங்கள் தர அமைப்பு உங்கள் நிறுவனத்தின் வெளிநாட்டுக் கிளையையும் பார்க்கட்டும் என்பதுதான் அதன் சாரம்.

கட்டாயமா என்றால் இல்லை. கையெழுத்துப் போட்டு மீறினால் தண்டனை என்கிற ஒப்பந்தமல்ல இது. பல் இல்லாத புலி என்று இதைச் சிலர் கிண்டல் செய்வார்கள். பாதி நியாயம். ஆனால் பின்னால் வந்த பல நாடுகளின் விதிகளில் இதே சிந்தனையைப் பார்க்கலாம். ஏற்றுமதி செய்யும் நாடும் பொறுப்பு, இறக்குமதி செய்யும் நாடும் பொறுப்பு என்று ஒரே தாளில் எழுதி வைத்ததற்கே ஒரு மதிப்பு உண்டு. மாணவர் அமைப்புகளுக்கான பகுதிதான் எனக்கு எப்போதும் பரிதாபமாகத் தோன்றும். இரண்டு நாட்டு அரசுகளாலேயே முடியாததை, கிளை வளாகத்தில் சங்கம்கூட இல்லாத மாணவர்கள் எங்கே போய்க் கண்காணிப்பது?

கட்டுப்படுத்தும் ஒப்பந்தம் எதுவுமே இல்லையா?

உண்டு, ஆனால் அவை தரத்தைக் கண்காணிப்பதற்கு அல்ல, பட்டத்தை ஏற்பதற்கு. 1997-ல் லிஸ்பனில் கையெழுத்தாகி 1999-ல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் இவற்றில் பெயர் பெற்றது. 50-க்கும் மேற்பட்ட நாடுகள் அதில் இருக்கின்றன, ஐரோப்பாவுக்கு வெளியே ஆஸ்திரேலியாவும் கனடாவும்கூட. அமெரிக்கா கையெழுத்துப் போட்டதோடு சரி, நாடாளுமன்ற ஒப்புதல் வரை போகவில்லை. ஆசிய பசிபிக் பகுதிக்கு 1983-ல் பாங்காக்கில் ஒன்று வந்தது, அதைப் புதுப்பித்து 2011-ல் டோக்கியோவில் ஒன்று எழுதினார்கள், அது நடைமுறைக்கு வர 2018 ஆகிவிட்டது. ஆப்பிரிக்காவுக்கு 2014-ல் அடிஸ் அபாபா, லத்தீன் அமெரிக்காவுக்கு 2019-ல் புவெனஸ் ஐரிஸ்.

இப்படி வட்டாரம் வட்டாரமாக இருந்ததை இணைக்கத்தான் 2019 நவம்பரில் யுனெஸ்கோ பொது மாநாடு உலகளாவிய ஒப்பந்தத்தை ஏற்றது. 20 நாடுகள் உறுதி செய்ததும் 2023 மார்ச் 5 அன்று அது நடைமுறைக்கு வந்தது. உயர்கல்வியில் உலகம் முழுமைக்குமாக யுனெஸ்கோ கொண்டுவந்த, சட்டப்படி கட்டுப்படுத்தும் முதல் ஒப்பந்தம் அதுதான். ஒரு நாடு சேர்ந்திருக்கிறதா என்று பார்க்கும்போது கையெழுத்தை மட்டும் பார்க்காதீர்கள், உறுதி செய்து முடித்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டுக்கும் நடுவே வருடக்கணக்கில் இடைவெளி விழும்.

உலகளாவிய ஒப்பந்தம் வந்துவிட்டதால் என் பட்டம் எங்கேயும் செல்லுமா?

செல்லாது. ஒப்பந்தம் உங்களுக்குத் தருவது பட்டத்தை ஏற்க வைக்கும் உரிமை அல்ல, நியாயமாக மதிப்பிடச் சொல்லும் உரிமை. விண்ணப்பித்தால் காலத்தோடு, வெளிப்படையாக, பாகுபாடு பார்க்காமல் மதிப்பிட வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். மேல்முறையீட்டுக்கு வழி இருக்க வேண்டும்.

இதில் நான் ரசிக்கும் இடம் ஒன்று உண்டு. பழைய முறையில் 'என் பட்டம் உங்கள் பட்டத்துக்குச் சமம்' என்று நிரூபிக்கும் பாரம் விண்ணப்பிப்பவர் தலையில் இருந்தது. அதனால் பாடம் பாடமாக, கிரெடிட் கிரெடிட்டாக (கிரெடிட் என்பது படிப்பின் சுமையை அளக்கும் அலகு) ஒப்பிட்டு, ஒரு தாள் குறைகிறது, செல்லாது என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். லிஸ்பன் ஒப்பந்தம் இதைத் தலைகீழாக்கியது. ஏற்க மறுக்கும் அமைப்புதான் 'கணிசமான வேறுபாடு' இருக்கிறது என்று காட்ட வேண்டும். உலகளாவிய ஒப்பந்தமும் இதே வழியில் போகிறது. நான்கு வருடப் படிப்புக்குப் பதில் மூன்றரை வருடம் என்பது மட்டுமே கணிசமான வேறுபாடு ஆகிவிடாது, படித்து முடித்தவருக்கு என்ன தெரியும், என்ன செய்ய வரும் என்பதில் பெரிய இடைவெளி இருந்தால்தான் ஆகும். அப்படித்தான் இதைப் படிக்க வேண்டும். ஆனால் எத்தனை மேசைகளில் இப்படிப் படிக்கிறார்கள் என்பது வேறு கதை. மணிக்கணக்கைக் கூட்டிப் பார்ப்பது எளிது, கற்றதை அளப்பது கஷ்டம், கோப்புகள் குவிந்து கிடக்கும் மேசையில் எளிதுதான் ஜெயிக்கும்.

தானாகவே ஏற்கும் முறையும் சில இடங்களில் உண்டு. பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் மூன்றும் பால்டிக் நாடுகள் மூன்றும் 2021-ல் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டு, ஒருவர் பட்டத்தை இன்னொருவர் தனியாக மதிப்பிடாமலே இணையாகக் கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஒருவர் தர அமைப்பை மற்றவர் நம்புவதால் வந்தது அது. நம்பிக்கை வர எத்தனை வருடம் ஆனது என்று பாருங்கள்.

கிளை வளாகத்தை உண்மையில் யார் வந்து பார்க்கிறார்கள்?

நாட்டுக்கு நாடு மாறும், அதுவும் அடியோடு மாறும். ஆஸ்திரேலியாவில் 2011-ல் அமைந்த உயர்கல்வித் தர அமைப்பான டெக்ஸா, தன் நாட்டு நிறுவனங்கள் எங்கே வகுப்பு நடத்தினாலும் அதே தரவிதிகள் பொருந்தும் என்று சொல்கிறது. பிரிட்டனில் கியூஏஏ என்ற தர அமைப்பு 2021 முதல் ஒரு திட்டம் நடத்துகிறது, பிரிட்டிஷ் பல்கலைக்கழகங்கள் நடத்தும் படிப்புகளை அந்தந்த நாட்டுக்கே போய்ப் பார்த்து எழுதுகிறது, ஆனால் அதில் சேர்வது பல்கலைக்கழகங்களின் விருப்பம்.

வகுப்பு நடக்கும் நாடுகளின் பக்கம் இதைவிடச் சுவாரசியம். மலேசியாவில் 1998-ல் மோனாஷ், 2000-ல் நாட்டிங்காம் என்று கிளைகள் வந்தன. 2007-ல் அமைந்த அந்த நாட்டுத் தர அமைப்பான எம்க்யூஏ, உள்ளூர்க் கல்லூரிக்கு வைக்கும் அதே அளவுகோலைத்தான் வெளிநாட்டுக் கிளைக்கும் வைக்கிறது. துபாய் வேறு வழியில் போனது. அங்கே 2008-ல் அமைத்த தரக் குழுவின் முதல் கேள்வி, தாய் வளாகத்தில் தருவதையே இங்கும் தருகிறீர்களா என்பது. ஒன்று எங்கள் விதிக்கு வா என்கிறது, இன்னொன்று உன் விதியையே ஒழுங்காகக் கடைப்பிடி என்கிறது. இரண்டாவது முறையில் தாய் நாட்டு அமைப்பின் உதவி இல்லாமல் ஓர் அடி எடுத்து வைக்க முடியாது, ஏனென்றால் தாய் வளாகத்தில் என்ன நடக்கிறது என்று சொல்லக்கூடியவர்கள் அவர்கள்தான்.

ஹாங்காங் 1996-லேயே வெளிநாட்டுப் படிப்புகளைப் பதிவு செய்யச் சட்டம் போட்டது. பதிவான படிப்பின் விளம்பரத்தில், இந்தப் படிப்பால் கிடைக்கும் தகுதியை ஏற்பதும் ஏற்காததும் வேலை தருபவரின் விருப்பம் என்ற வரி இருக்க வேண்டும் என்பதும் அங்கே விதி. எல்லா நாட்டிலும் எல்லா விளம்பரத்திலும் போட வேண்டிய வரி அது.

ஒரே படிப்பை இரண்டு நாடும் தனித்தனியாகச் சோதித்தால் வீண் செலவு இல்லையா?

வீண் செலவுதான், அதைவிடப் பெரிய தொல்லை இரண்டு விதிகளும் மோதிக்கொள்வது. ஒரு நாடு ஆய்வேட்டுக்கு இத்தனை கிரெடிட் வேண்டும் என்னும், இன்னொன்று ஆய்வேடே வேண்டாம் என்னும். கூட்டுப் பட்டங்களுக்கு இது பெரிய தலைவலியாக இருந்ததால் ஐரோப்பிய உயர்கல்வி அமைச்சர்கள் 2015-ல் யெரெவானில் கூடி, கூட்டுப் படிப்பை மொத்தமாக ஒரே ஆய்வில் முடித்துக்கொள்ளலாம், நாட்டுக்கு நாடு கூடுதல் விதி சேர்க்க வேண்டாம் என்று ஒரு பொது முறையை ஏற்றார்கள். அதே கூட்டத்தில் 2005-ன் ஐரோப்பியத் தர அளவுகோல்களையும் திருத்தி எழுதினார்கள். அந்த அளவுகோல்களை ஒழுங்காகக் கடைப்பிடிக்கும் தர அமைப்புகளுக்கென்றே 2008 முதல் ஒரு பதிவேடும் உண்டு, ஈக்வார் என்று பெயர். பதிவேட்டில் நீடிக்க ஒவ்வொரு ஐந்து வருடமும் அந்த அமைப்புகளே வெளியாரின் ஆய்வுக்கு உட்பட வேண்டும். காவலுக்கும் காவல்.

மற்ற வட்டாரங்களோடு சேர்ந்து செய்யவும் முயன்றிருக்கிறார்கள். என்கா தலைமையில் ஆசிய பசிபிக், அரபு நாட்டு வலையமைப்புகளும் சேர்ந்து நடத்திய க்யூஏசிஹெச்இ என்ற திட்டம் 2015-ல் தர அமைப்புகளுக்கு ஒரு கையேடு தந்தது. முதலில் தகவலைப் பகிருங்கள், பிறகு ஒத்துழையுங்கள், பிறகு வலையமைப்புகளை இணையுங்கள் என்று படிப்படியாகச் சொல்கிறது. முதல் படியிலேயே பலர் நிற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

வளாகத்தையே மூடிவிட்டால்?

நடந்திருக்கிறது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகம் 2007-ல் சிங்கப்பூரில் வளாகம் திறந்து, எதிர்பார்த்த மாணவர்கள் சேராததால் ஒரே செமஸ்டரில் மூடியது. பெரிய பெயர், அரசின் ஆதரவு, எல்லாம் இருந்தும். தரம் குறைந்து மூடவில்லை, கணக்கு உதைத்து மூடினார்கள். தர அமைப்புகள் பாடத்தையும் ஆசிரியரையும் பார்க்கும் அளவுக்கு வரவு செலவைத் துருவிப் பார்ப்பதில்லை என்பதால் இந்த ஆபத்து கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஆஸ்திரேலியாவில் மாணவர் விசாவில் படிப்பவர்களுக்கு 2012 முதல் கட்டணப் பாதுகாப்பு ஏற்பாடு உண்டு. கல்லூரி கைவிட்டால் வேறு இடத்தில் சேர்த்துவிடுவார்கள், முடியாவிட்டால் நடத்தாத பாடத்துக்கான பணம் திரும்பும். ஆனால் அது ஆஸ்திரேலியாவுக்குள் படிப்பவர்களுக்கு. வேறு நாட்டில் இருக்கும் அதே பல்கலைக்கழகத்தின் கிளையில் படிப்பவருக்கு அந்தக் குடை இல்லை. பட்டத்தில் பெயர் ஒன்றாக இருந்தாலும் பாதுகாப்பு ஒன்றல்ல. எனவே மூடினால் பாக்கிப் படிப்பை யார் முடித்துத் தருவார்கள் என்று எழுத்தில் கேளுங்கள்.

பொறியியல், மருத்துவம் போன்றவற்றுக்கும் இதே கதைதானா?

அங்கே தொழில்முறை மன்றங்கள் அரசுகளைவிட முன்னால் போய்விட்டன. பொறியியலில் 1989-ல் ஆறு நாடுகளின் அமைப்புகள் வாஷிங்டன் உடன்பாட்டில் கையெழுத்திட்டன. ஒருவர் தரச்சான்று தந்த படிப்பைக் கணிசமாக இணையானது என்று மற்றவர் ஏற்பது அதன் அடிப்படை. இதில் அடிக்கடி ஏமாறும் இடம், நாடு உறுப்பினர் என்பதால் அந்த நாட்டின் எல்லாப் பொறியியல் பட்டமும் சேர்த்தி என்று நினைப்பது. உதாரணமாக இந்தியாவில் தொழில்நுட்பப் படிப்புகளுக்குத் தரச்சான்று தரும் என்பிஏ 2014-ல் முழு உறுப்பினர் ஆனது, ஆனால் அது முதல் அடுக்கில் (தன்னாட்சி நிறுவனங்களுக்கும் பல்கலைக்கழகத் துறைகளுக்குமான பிரிவு) தரச்சான்று தந்த படிப்புகளுக்குத்தான் உடன்பாடு பொருந்தும். எந்தப் படிப்பு, எந்த ஆண்டு முதல் என்று பட்டியலில் பார்த்தே ஆக வேண்டும்.

மருத்துவத்தில் வேறு மாதிரி. உலக மருத்துவக் கல்விக் கூட்டமைப்பு கல்லூரிகளைச் சோதிப்பதில்லை, கல்லூரிகளைச் சோதிக்கும் அமைப்புகளைச் சோதிக்கிறது. வெளிநாட்டு மருத்துவப் பட்டதாரிகளைச் சான்றளிக்கும் அமெரிக்க அமைப்பு 2010-ல், இனி அப்படி ஏற்கப்பட்ட அமைப்பிடம் தரச்சான்று வாங்கிய கல்லூரிகளில் படித்தவர்களையே எடுப்போம் என்று ஒரு கெடு வைத்தது. கெடு பின்னால் தளர்ந்தது, விதியும் மென்மையானது. ஆனால் அந்த ஒரு அறிவிப்பு பல நாடுகளைத் தங்கள் மருத்துவத் தர அமைப்பைச் சீர்செய்ய வைத்தது. யுனெஸ்கோ வேண்டுகோளைவிட வேலைச் சந்தையின் ஒரு கதவு அதிகம் சாதித்தது என்பதை மறைப்பதில் அர்த்தமில்லை.

இவ்வளவுக்குப் பிறகும் தொழில் செய்யும் உரிமம் வேறு. பட்டம் ஏற்கப்பட்டது என்பதால் கத்தியை எடுத்து அறுவை சிகிச்சை செய்ய முடியாது.

போலிப் பட்டங்களை இந்த ஒத்துழைப்பு தடுக்கிறதா?

ஓரளவுக்கு. கராச்சியில் இயங்கிய ஆக்ஸாக்ட் என்ற நிறுவனம் நூற்றுக்கணக்கான போலிப் பல்கலைக்கழக இணையதளங்களை நடத்தியது 2015-ல் அம்பலமானது. அவற்றுக்குத் தரச்சான்று தந்த அமைப்புகளும் அதே கை உருவாக்கிய போலிகள். இதனால்தான் 'தரச்சான்று உண்டு' என்பது பதிலே இல்லை, சான்று தந்தவரை அவர் நாட்டு அரசு ஏற்றிருக்கிறதா என்பது வரை போக வேண்டும்.

உண்மையான பல்கலைக்கழகத்தின் பெயரில் அச்சடித்த போலிச் சான்றிதழ் இன்னொரு ரகம். அதற்கு மருந்து, காகிதத்தை நம்பாமல் மூலத்திலேயே சரிபார்ப்பது. 2012-ல் தொடங்கிய குரோனிங்கன் பிரகடன வலையமைப்பு மாணவர் பதிவுகளை நாடு விட்டு நாடு டிஜிட்டலாகவே அனுப்பும் ஏற்பாட்டுக்கு உழைக்கிறது. வெளிநாட்டில் காட்ட வேண்டிய ஆவணத்தில் அரசு போடும் அப்போஸ்டில் முத்திரை இருக்கிறதே என்பார்கள். அது ஆவணத்தில் இருக்கும் கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று மட்டும் சொல்லும், படிப்பு நல்லதா என்று சொல்லாது.

ஆன்லைன் படிப்பு எந்த நாட்டின் விதிக்குள் வரும்?

பெரும்பாலும் நிறுவனம் பதிவான நாட்டின் விதிக்குள். உலகளாவிய ஒப்பந்தம் ஆன்லைன் உள்பட வழக்கமல்லாத வழிகளில் பெற்ற தகுதிகளையும் மதிப்பிடும் வரம்புக்குள் கொண்டுவந்திருக்கிறது, அது முன்னேற்றம். ஆனால் மாணவர் இருக்கும் நாட்டு அமைப்புக்கு அங்கே பார்க்கக் கட்டடமும் இல்லை, பூட்டக் கதவும் இல்லை. அமெரிக்காவில் ஒரு மாநிலக் கல்லூரி இன்னொரு மாநிலத்தவருக்கு ஆன்லைனில் பாடம் நடத்தவே மாநிலங்களுக்கிடையே சாரா என்று ஓர் உடன்பாடு தேவைப்பட்டது, கலிபோர்னியா இன்னும் அதில் இல்லை. ஒரே நாட்டுக்குள்ளேயே இந்தப் பாடு.

உலகத் தரவரிசையில் இருந்தால் போதும்தானே?

போதாது. தரவரிசைகளில் ஆய்வுக்கும் பெயருக்கும் எடை அதிகம், அதுவும் தாய் வளாகத்தின் ஆய்வு, தாய் வளாகத்தின் பெயர். உங்கள் கிளையில் வகுப்பு நடந்ததா என்று அது பார்க்கவில்லை.

ஏஜென்ட் சொல்வதை நம்பலாமா?

நல்லவர்களும் உண்டு, ஆனால் அவருக்குச் சம்பளம் தருவது யார் என்பதை மறக்காதீர்கள். சேர்க்கைக்கு இவ்வளவு கமிஷன் என்று பல்கலைக்கழகம்தான் தருகிறது. 2012-ல் ஆஸ்திரேலியா, அயர்லாந்து, நியூசிலாந்து, பிரிட்டன் நான்கும் சேர்ந்து ஏஜென்டுகளுக்கான நெறிகளை லண்டன் அறிக்கை என்று வெளியிட்டன. நல்ல வார்த்தைகள், ஆனால் மீறினால் யார் கேட்பது என்ற இடம் அதில் மெலிவு.

சான்றிதழ்களை இழந்துவிட்டு வந்த அகதிகள் என்ன செய்வது?

லிஸ்பன் ஒப்பந்தத்தின் 7-வது பகுதியே இதற்குத்தான், முழு ஆவணம் இல்லாத அகதிகளின் தகுதியையும் மதிப்பிட நாடுகள் வழி செய்ய வேண்டும் என்கிறது. பல வருடம் அது காகிதத்தில்தான் இருந்தது. பிறகு நார்வேயின் அனுபவத்தை வைத்து ஐரோப்பியப் பேரவை 2017-ல் அகதிகளுக்கான தகுதிக் கடவுச்சீட்டு ஒன்றைத் தொடங்கியது. இருக்கும் ஆவணங்களையும் துறை வல்லுநர்களோடு நடத்தும் நேர்காணலையும் வைத்து, இவர் இன்ன படிப்பு முடித்திருக்கிறார் என்று எழுதித் தருவார்கள், ஐந்து வருடம் செல்லும். முறையான ஏற்பு அல்ல அது, ஆனால் ஒரு நாட்டில் எழுதியதை இன்னொரு நாடு படித்து நம்புகிறது. இந்தத் துறையில் ஒத்துழைப்பு மனிதர்களுக்கு நேரடியாகப் பயன்பட்ட இடம் எது என்று கேட்டால் நான் இதைத்தான் காட்டுவேன்.

இதெல்லாம் பணக்கார நாடுகள் தங்கள் அளவுகோலைத் திணிக்கும் வழிதானே?

சந்தேகப்படுவதில் தப்பில்லை. பட்டத்தை விற்கும் நாடுகளும் அளவுகோலை எழுதும் நாடுகளும் பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கின்றன. வாங்கும் நாட்டில் தர அமைப்பே இல்லாவிட்டால், விற்பவர் சொன்னதுதான் தரம். ஆனால் அதற்குத் தீர்வு ஒத்துழைப்பை விட்டு விலகுவது இல்லை என்று நினைக்கிறேன். மலேசியாவும் ஹாங்காங்கும் சொந்தமாக வலுவான அமைப்பை வைத்துக்கொண்டு பேச்சுக்கு உட்கார்ந்ததால்தான் வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் அவர்கள் விதிக்கு வந்தன. கையில் அமைப்பு இல்லாமல் மேசைக்குப் போனால் விருந்தாளிதான், பங்காளி இல்லை.

சேர்வதற்கு முன் நான் என்ன செய்ய வேண்டும்?

பல்கலைக்கழகத்தின் இணையதளத்தை மூடிவிட்டு இரண்டு நாடுகளின் தர அமைப்புகளின் இணையதளத்தையும் திறங்கள். பட்டம் தரும் நாட்டின் அமைப்பில் இந்தப் பல்கலைக்கழகம் இருக்கிறதா, அவர்கள் எழுதிய அறிக்கையில் உங்கள் கிளையைப் பற்றி ஒரு வரியாவது இருக்கிறதா என்று பாருங்கள். வகுப்பு நடக்கும் நாட்டின் பதிவேட்டில் அதே படிப்பு, அதே பெயரில் இருக்கிறதா பாருங்கள், ஒரு படிப்புக்கு வாங்கிய சான்றைப் பக்கத்துப் படிப்புக்கும் காட்டுவது சகஜம். பிறகு, நீங்கள் வேலைக்கோ மேற்படிப்புக்கோ போக நினைக்கும் நாட்டின் தகுதி ஏற்பு மையத்துக்கு நேராக எழுதிக் கேளுங்கள். ஐரோப்பாவில் எனிக், நாரிக் என்று நாட்டுக்கு ஒன்று உண்டு, மற்ற இடங்களிலும் இதற்கென ஓர் அலுவலகம் இருக்கும். சான்றிதழில் படித்த இடமும் பயிற்று மொழியும் எப்படி அச்சாகும் என்றும் கேட்டு வையுங்கள், சில நாடுகள் அதைப் பார்க்கின்றன.

ஏற்கனவே சேர்ந்து ஒரு வருடம் ஆகிவிட்டது, இப்போதுதான் சந்தேகம் வருகிறதே?

அவசரப்பட்டு வெளியே வராதீர்கள். முதலில் இதுவரை முடித்த பாடங்களுக்கு முத்திரையோடு மதிப்பெண் பட்டியலும், ஒவ்வொரு பாடத்துக்கும் விரிவான பாடத்திட்டமும் கேட்டு வாங்கி வையுங்கள். பாதிப் படிப்பையும் மதிப்பிடச் சொல்லும் வழி மேலே சொன்ன ஒப்பந்தங்களில் இருக்கிறது, ஆனால் தாள் இல்லாமல் அது நகராது, வளாகம் மூடிய பிறகு அந்தத் தாளைக் கேட்க ஆள் இருக்காது. அப்புறம் புகாரை இரண்டு நாட்டு அமைப்புகளுக்கும் ஒரே மின்னஞ்சலில், இருவர் முகவரியும் இருவருக்கும் தெரியும்படி அனுப்புங்கள்.